அழித்த பதினாலு நிமிஷம்

சக்கரபாணி மாடிப்படியில் உருண்டு இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. மனிதர் இன்னும் கண் திறக்கவில்லை.

கால் வழுக்கி விழுந்தார் என்று ஊர் சொல்கிறது. யாரோ தள்ளிவிட்டார்கள் என்று அவருடைய இளைய மருமகள் மணிமொழி நினைக்கிறாள். போன வாரம் அவளை அந்தக் குடும்பத்து லாட்ஜின் சர்வர் அறையில், வாயைப் பொத்திக்கொண்டு நின்றபடி விட்டுவிட்டு வந்தோம். மாமனார் விழுந்த அன்று காலை, இரண்டாம் மாடிப் படிக்கட்டுக் கேமராவில் ஆறு பத்திலிருந்து ஆறு இருபத்துநாலு வரை பதிவே இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. நடுவில் பதினாலு நிமிஷத்தை மட்டும் யாரோ உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள்.

சர்வர் அறைக்கு இரண்டே சாவி. ஒன்று மணிமொழியின் இடுப்பில் இருக்கிறது. இன்னொன்று அவள் கணவன் இனியனின் அண்ணன் திருமலையிடம்.

திருமலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குளியல் சோப்பை இரண்டாக அறுத்து இரண்டு ரூமுக்கு வைக்கிற ஆசாமி. கை நீட்டுவதில் மட்டும் அந்தச் சிக்கனம் கிடையாது. எலக்ட்ரீஷியன், பால்காரர், சாமான் கொண்டு வருகிற டிரைவர் என்று லாட்ஜ் இருக்கிற தேரடித் தெருவில் அவர் கையால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர். பெற்ற தகப்பனைத் தள்ளிவிட்டார் என்றால் அந்தத் தெரு நம்பும். மணிமொழியும் நம்பினாள்.

நம்பினால் மட்டும் போதுமா? கையில் சாட்சி வேண்டும். கணவனிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. கூடப்பிறந்த அண்ணன் மேல் பழி போடுகிற விஷயம், காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் எப்படி வாயைத் திறப்பது?

சொல்லாமலே ஒரு ஏற்பாடு மட்டும் செய்திருந்தாள். பகலில் ஆஸ்பத்திரியில் மாமனார் பக்கத்தில் திருமலையின் மனைவி சைலஜா இருப்பாள். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிற ஜீவன் அது, அவளால் ஆபத்தில்லை. இரவெல்லாம் இனியன். எந்த நேரத்திலும் திருமலை அந்த அறையில் தனியாக இருக்கக் கூடாது. கிழவர் கண் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்கிற பயம் யாருக்கு இருக்கிறதோ, அவன் தலையணையை எடுத்து அவர் முகத்தில் அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அன்றைக்குப் பௌர்ணமி. காலை ஒன்பது மணிக்கே ரிசப்ஷனில் நிற்க இடமில்லை. கிரிவலம் வந்தவர்கள் பெட்டியும் பையும் குழந்தைகளுமாக வராந்தா வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முன்பதிவையும் கம்ப்யூட்டர் தேடிக் கொண்டுவருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இது மாதா மாதம் நடக்கிற கூத்துதான்.

அந்த நெரிசலைத் தோளால் இடித்துக்கொண்டு திருமலை உள்ளே வந்தார். கையில் இரண்டு சின்ன அட்டைப்பெட்டிகள்.

"ரெண்டு எஸ்.எஸ்.டி. வாங்கியாந்திருக்கேன். சர்வர்ல இப்பவே மாத்திடு" என்றார்.

மணிமொழிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இரண்டு வருஷமாக இதே எஸ்.எஸ்.டி.க்காக இவரிடம் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியவள் அவள். சர்வரில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முள் ஓடி ஓடித் தேடுகிறது. பௌர்ணமி அன்று நாற்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அந்த முள் என்ன செய்யும் பாவம், மூச்சு வாங்குகிறது. எஸ்.எஸ்.டி.யில் தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது. கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். இதையெல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். ஓடுகிற வண்டிக்கு எதற்குப் புது இஞ்சின் என்று ஒரே வரியில் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவள் கேட்டதும் புக்கிங்குக்கு மட்டும்தான். பதினாறு கேமரா ராப்பகலாக எழுதித் தள்ளுவதை மூன்று மாதம் சேர்த்து வைக்கப் பெரிய இடம் வேண்டும். அதற்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி. இடம் ஜாஸ்தி, விலை கம்மி, வேகம் அங்கே யாருக்கு வேண்டும்? கேமராவுக்கு எஸ்.எஸ்.டி. போடுகிறவன் பணத்தைத் தண்ணீராக விடுகிறவனாக இருக்க வேண்டும்.

அவள் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று சின்னது. இன்னொன்று எட்டு டி.பி. அந்த விலைக்கு மாடிக்கு ஒரு ஏ.சி. மாட்டலாம். சோப்பை அறுக்கிற மனிதர் வாங்கியிருக்கிறார். அதுவும், ஒட்டியிருந்த பில்லைப் பார்த்தால், சென்னை போய். ஒரு மவுஸ் வாங்குவதானாலும் போளூர் ரோடு கவுஸ் பாஷா கடையில்தான் வாங்குவது என்று இருபது வருஷ வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு.

இன்றைக்குப் பௌர்ணமி, சர்வரை நிறுத்தினால் கூட்டம் நம்மை மென்றுவிடும், நாளைக்கு நிதானமாக மாற்றலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"புக்கிங்க அப்புறம் பாத்துக்கலாம். கேமரா டிஸ்க்க மட்டும் மொதல்ல கழட்டு."

மணிமொழி பெட்டிகளை மேஜைமேல் வைத்தாள்.

"பழைய டிஸ்க்க இன்னா பண்றது மாமா?"

"என்கிட்ட குடு" என்றார் திருமலை. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முந்தாநாள்தான் கவுஸ் பாஷாவின் மகள் உஸ்மா, காலேஜில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இதை விளக்கியிருந்தாள். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றை அழிப்பது என்றால், லாட்ஜ் லெட்ஜரில் பேரை அடிப்பது மாதிரி. பேர்தான் போகும், ஆள் ரூமில் தூங்கிக்கொண்டுதான் இருப்பான். அந்த ரூமை இன்னொருத்தருக்குக் கொடுக்கிற வரைக்கும் கதவைத் தட்டி எழுப்பிக் கூட்டிவரலாம். எஸ்.எஸ்.டி. அப்படியில்லை. பேரை அடித்த கையோடு அதுவே ரூமைக் கழுவி, படுக்கை விரிப்பை மாற்றிவிடும். அப்புறம் யார் வந்தாலும் தேடி எடுக்க முடியாது.

அதனால்தான் மணிமொழி கேமரா ரிப்பேர் என்று எல்லோரிடமும் புளுகிவிட்டு, அன்று முதல் பதிவையே நிறுத்தி வைத்திருந்தாள். பதினாலு நிமிஷம் உள்ளேதான் படுத்திருக்கிறது. பௌர்ணமிக் கூட்டம் ஓய்ந்ததும் டிஸ்க்கைக் கழற்றி உஸ்மாவிடம் கொடுப்பதாக ஏற்பாடு. அழித்தது போகவில்லை என்பதைத் திருமலைக்கும் சென்னைக் கடையில் யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வீட்டுச் சாவிக்கொத்தோடு சர்வர் ரூம் சாவியும் மேலே வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்று அவள் ஒரு பொய் சொன்னாள். அவர் எலக்ட்ரிக் சாமான் வைக்கிற அலமாரியைத் திறந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார். தன் சாவியால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன அறையைத் திறந்தார். மணிமொழி பின்னாலேயே ஓடினாள்.

சர்வரில் மேலும் கீழுமாக இரண்டு டிஸ்க். எது எது என்று எழுதி ஒட்டவில்லை. அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டிருந்தாள்.

"எது கேமராது?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

அடி கன்னத்தில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவள் மேல் கை வைத்ததில்லை. தம்பி பெண்டாட்டி என்கிற மரியாதை இருந்தது. அது இன்றைக்குப் போய்விட்டது. தலை சுவரில் மோதி, ஒரு காது ரீங்கரித்தது. அவர் மறுபடி கேட்டார். மறுபடியும் அவள் சொல்லவில்லை. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது.

திருமலை மேலே இருந்த டிஸ்க்கை வெடுக்கென்று இழுத்துத் தரையில் போட்டார். மண்டி போட்டு உட்கார்ந்து சுத்தியலை ஓங்கினார். முதல் அடியில் மூடியில் பள்ளம் விழுந்தது. நாலாவது அடியில் உள்ளே இருந்த தட்டு விண்டு, கண்ணாடிபோல் பளபளவென்று சிதறியது. அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெட்டிக்குள் ஒரு எதிரி ஒளிந்திருப்பது மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்ததை மணிமொழி பார்த்தாள். பார்த்தும் அதன் அர்த்தம் அவளுக்கு அப்போது புரியவில்லை.

வெளியே ரிசப்ஷனில் ஒரு அலறல் கேட்டது. சிஸ்டம் போய்விட்டது, ஒரு புக்கிங்கும் தெரியவில்லை என்று ரிசப்ஷனிஸ்ட் கத்தினான். அதைத் தொடர்ந்து தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் வசவு கிளம்பியது. விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள், பணம் கட்டியவர்கள், பச்சைக்குழந்தை வைத்திருப்பவர்கள். ரூம் இல்லை என்றால் சும்மா விடுவார்களா? யாரோ பூந்தொட்டியைத் தூக்கி வாசல் கண்ணாடிக் கதவில் அடித்தார்கள்.

கண்ணாடி சரிந்த சத்தத்தில் திருமலை தலையைத் தூக்கினார். தான் உடைத்தது புக்கிங் டிஸ்க் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஒரு கணம் மணிமொழிக்குப் போதுமானதாக இருந்தது. பவரைப் பிடுங்கிவிட்டுக் கீழே இருந்த டிஸ்க்கை உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவர் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிகிற மாதிரி வலித்தது. அவள் குனிந்து அவர் கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும் வரைக்கும் விடவில்லை. அவர் உதறினார். இன்னொரு கையில் இருந்த சுத்தியல் டிஸ்க்கைக் குறி வைத்து இறங்கியது. மணிமொழி குறுக்கே இடது கையை நீட்டினாள்.

இரண்டு விரல் நசுங்கியது. அவள் போட்ட அலறல் வாசலில் நடந்த கலவரத்தையும் தாண்டிக் கேட்டது.

இனியன் வந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து காலையில்தான் திரும்பி, கூட்டத்தைச் சமாதானம் செய்துகொண்டிருந்தவன். மனைவியின் கையைப் பார்த்தான். வாசற்படியில் கிடந்த பித்தளைப் பூட்டை எடுத்தான். அண்ணன் பொட்டில் அடித்தான்.

திருமலை சுவரோடு சாய்ந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்தார். புருவத்துக்கு மேலே பிளந்து, ஒரு பக்கத்து முகம் முழுக்க ரத்தமாகிவிட்டது. இனியன் மறுபடியும் அடித்தான், தோளில், கையில், கண்ட இடத்தில். திருமலை திருப்பி அடிக்கவே இல்லை. ஊரையே அடிக்கிற மனிதர், தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அத்தனை அடியையும் வாங்கினார்.

"அத்த எடுத்துனு போகாத மணி" என்றார், தம்பியின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து. "போட்டுப் பாத்தீன்னா நீதான் அழுவ."

மிரட்டுகிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று இனியன் மூச்சிரைக்கக் கேட்டான். அப்புறம் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் வெளியே ஓடினாள். வாசலில் கண்ணாடிச் சில்லுகளை மிதித்தது அவளுக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பௌர்ணமி அன்று ஊருக்குள் ஆட்டோ ஓடாது. பஸ்ஸெல்லாம் வெளியே நிற்கும். போளூர் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். மலையைச் சுற்றப் போகிற கூட்டம் எதிரே வெள்ளமாக வந்தது; அவள் அதைக் கிழித்துக்கொண்டு போனாள். நசுங்கிய விரல்களைப் புடவைத் தலைப்பால் சுற்றியிருந்தாள். தலைப்பு நனைந்து முழங்கை வழியாகச் சொட்டியது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நடுவே காலில் ரத்தத்தோடு ஒருத்தி போவதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் இடுப்பில் செருகிக்கொண்டு ஓடலாம், கீழே விழுந்தாலும் கவலையில்லை. இது ஹார்ட் டிஸ்க். ஒரு அதிர்ச்சி போதும், முள் தட்டைக் கீறிவிடும், உள்ளே இருப்பது உள்ளேயே சாகும். தேங்காய் மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் திரும்பும்போது அவள் மேல் இடித்தார். அவள் டிஸ்க்கை உயரத் தூக்கிவிட்டு, அடிபட்ட கையை ஊன்றி விழுந்தாள். கண் இருண்டு வந்தது. எழுந்து மறுபடி நடந்தாள். மாமனார் முகத்தைத் தவிர வேறெதுவும் அவள் நினைவில் இல்லை. கல்யாணமாகி வந்த மறுவாரமே லாட்ஜ் கணக்கு மொத்தத்தையும் அவளிடம் நம்பிக் கொடுத்த மனுஷன். தன் இரண்டு பிள்ளைகளையும்விட அவளுக்கு மூளை ஜாஸ்தி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

கடையில் உஸ்மா அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கவுஸ் பாஷா ஐஸ்கட்டி வாங்கிவர ஓடினார். முதலில் டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். டிஸ்க்கில் இருப்பதைப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று மணிமொழி உட்கார்ந்துவிட்டாள். உஸ்மா துணியைக் கிழித்து விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். டிஸ்க்கை மாட்டினாள். அது சுற்றத் தொடங்கிய மெல்லிய இரைச்சல் கேட்டதும் மணிமொழி முதல் தடவையாக அழுதாள்.

தேடி முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பதினாலு நிமிஷமும் துண்டு துண்டாக, ஆனால் முழுசாக வந்துவிட்டது. கவுஸ் பாஷா நாகரிகமாக எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

படத்தில் சத்தம் கிடையாது. ஆறு பன்னிரண்டுக்குச் சக்கரபாணி இரண்டாம் மாடிப் படி முகப்பில் வந்து நின்றார். கையில் மடித்த காகிதம் ஒன்று; என்ன காகிதம் என்று படத்தில் தெரியவில்லை. அவருக்கு எதிரே ஒரு ஆண், முதுகு மட்டும் தெரிந்தது. அந்தக் கை காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தது. கிழவர் விடவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டார். அடி வாங்கியவன் முகம் திரும்பியது.

அது இனியனின் முகம்.

உஸ்மா படத்தை நிறுத்தக் கை நீட்டினாள். மணிமொழி வேண்டாம் என்று தலையசைத்தாள். இனியன் இரண்டு கையாலும் தகப்பன் மார்பில் வைத்துத் தள்ளினான். சக்கரபாணி பின்னால் சாய்ந்து, கைப்பிடியைத் தேடி, கிடைக்காமல் உருண்டார். இனியன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு இறங்கிப்போய், அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டான். மேலே ஏறிப் போனான்.

மூன்றாம் மாடியில் அவர்கள் வீடு. அன்று காலை அவன் வந்து அவள் கையால் காபி வாங்கிக் குடித்தது மணிமொழிக்கு ஞாபகம் வந்தது. சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று சொன்னான். அவள் இன்னும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

ஏழு நிமிஷம் கிழவர் படியில் தனியாகக் கிடந்தார். அப்புறம் கீழேயிருந்து திருமலை ஓடிவந்தார். அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே நிமிர்ந்தவரின் கண் கேமராவில் நின்றது. யார் செய்தது என்று போய்ப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு அழித்திருக்கிறார். பழி தன் மேல் வந்து விழும் என்று தெரிந்தும் பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை.

மணிமொழி வெளியே ஓடிச் சாக்கடை ஓரமாக வாந்தி எடுத்தாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு மூண்டது. அந்த மனுஷனுக்குப் பத்து ராத்திரி காவலாக அவள் யாரை அனுப்பினாள்? சூடாகச் சப்பாத்தி கட்டிக் கொடுத்து, அப்பாவை விட்டு ஒரு நிமிஷம்கூட எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அனுப்பினாளே. கிழவர் அசையாமல் கிடந்ததால் பிழைத்தார்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்காரவும், கடை வாசலில் பைக் வந்து நின்றது. இனியன்தான். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அவள் போகிற இடம் எது என்று அவனுக்குத் தெரியாதா? உஸ்மா ஸ்க்ரீனை அணைத்துவிட்டாள்.

அவன் சட்டையில் அண்ணனின் ரத்தம் காய்ந்திருந்தது. மணிமொழியின் கையைத் தன் கையில் ஏந்திப் பார்த்தான். பார்த்ததும் அவன் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. அண்ணனுக்கு மண்டையில் ஆறு தையல், அப்பா இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே கீழ்த்தளத்தில் சேர்த்திருக்கிறது என்றான். இனிமேல் அவர் உன் மேல் கை வைத்தால் கொன்றுவிடுவேன் என்றான். அதையும் மனசாரத்தான் சொன்னான்.

பிறகு கேட்டான்.

"டிஸ்க்ல ஏதாவது வந்துச்சா?"

"வரலீங்க. அடிபட்டுச் செத்துப்போச்சு."

இனியன் ஒரு பெருமூச்சு விட்டான். பதினோரு நாளாக இறுகியிருந்த தோள் இரண்டும் இறங்கியது. பரவாயில்லை, விடு என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். இந்தக் கையா என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவன் போன் அடித்தது. சைலஜா. பேசப் பேச அவன் முகம் வெளுத்தது.

"அப்பா கண்ணத் தொறந்துட்டாராம்" என்றான். "பேச்சு வரலையாம். எழுதணும்னு கையக் காட்டுறாராம்."

மணிமொழி எழுந்தாள். தானும் வருவதாகச் சொன்னாள். அவன் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். இந்தக் கையோடு பைக்கில் உட்கார முடியாது, உஸ்மா உன்னை டாக்டரிடம் கூட்டிப் போகட்டும் என்றான். அண்ணி பாவம் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அப்பாவோடு இருக்கிறேன் என்றான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். கட்டுப் போட்ட கையால் பிடித்தாள், விரல் மடங்கவில்லை. அவன் மெதுவாக அதை விலக்கிவிட்டுப் போய் பைக்கைக் கிளப்பினான்.

போலீசைக் கூப்பிடலாம் என்று உஸ்மா நம்பரை அழுத்தினாள். ஊரில் இருக்கிற அத்தனை போலீசும் கிரிவலப் பாதையில் நிற்கிறது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணிமொழி சைலஜாவைக் கூப்பிட்டாள். வெளியே போகாதே, கதவைத் தாளிடு என்று சொல்ல வேண்டும். சைலஜா போனை எடுக்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அந்த ஆஸ்பத்திரியிலேயே, இரண்டு மாடிக்குக் கீழே, தலையில் தையலோடு படுத்திருக்கிறவர். காலையில் அவளை ரத்தம் வர அடித்தவர். அவர் கையில் அவளுடைய பல் தடம் இன்னும் ஆறியிருக்காது.

அவள் அந்த நம்பரைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"மாமா. நான் பாத்துட்டேன்."

அவர் பேசுவதற்காக அவள் காத்திருக்கவில்லை.

"பெரியவரு கண்ணத் தொறந்துட்டார். எழுதிக் காட்டணும்னு கேக்குறாராம். அக்காவ வீட்டுக்கு அனுப்பிட்டு அவர்கூடத் தனியா இருக்க இவரு கெளம்பி வர்றாரு மாமா. இன்னும் கால் மணி நேரத்துல வந்துடுவாரு. நீங்க மேல போங்க. இவர உள்ள விடாதீங்க."

கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது. எழுந்து உட்காருகிறார் போலிருக்கிறது. யாரோ நர்ஸ் படுக்கச் சொல்லி அதட்டினாள்.

"மாமா, கேக்குதா? உங்க அப்பா மாமா அவரு."

"அவன் என் தம்பி, மணி" என்றார் திருமலை.

போன் வைக்கப்பட்டுவிட்டது.